மணிக்கு மேல் வேலை வாங்காதவள்

மோசர் வீட்டுப் புர்கல் இறந்தபோது, சாவுச் சீட்டில் போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி அவளுடைய மூத்த மகன் என்னிடம்தான் வந்தான். எங்கள் மலையூரான லெய்ட்டனில் யார் செத்தாலும் அந்த நாலு வரி என் தலையில்தான் விழும். கோயில் மணி அடிக்கிறவளுக்கு எழுத்தும் வரும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. எழுதிக் கொடுத்தேன். அவள் படத்துக்குக் கீழே அச்சடித்து, அடக்கப் பூசைக்கு வந்த எல்லார் கையிலும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். அதில் மூன்றாவது வரி இது: ‘சனிக்கிழமை ஓய்வு மணி அடித்த பிறகு தன் நிலத்தில் ஒருவரையும் வேலை செய்ய விடாதவர்.’

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரு பாவசங்கீர்த்தனத்தோடு தீர்ந்துபோயிருக்கும். எழுத்துக்கு எழுத்து உண்மை. எழுதும்போதே எனக்குக் கூசியது, அச்சில் பார்த்தபோது இன்னும் கூசியது. அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருத்தி கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புர்கலும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எங்கள் வாத்தியாருக்குப் பெயர்களின் மேல் ஒரு பித்து. பழைய பாஷையில் எந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்திச் சொல்வார். என் பெயர் ஹெட்விக். அதில் முன்பாதிக்கும் சண்டை என்று பொருள், பின்பாதிக்கும் சண்டை என்று பொருள் என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேரை இடைவேளையில் மொத்தினேன். பொருள் சரியாகத்தான் இருக்கிறது என்றார் வாத்தியார். அடுத்து அவளை எழுப்பினார். புர்கல் என்பது கூப்பிடும் பெயர், முழுப்பெயர் நோட்புர்கா. முன்பாதி இக்கட்டு, பின்பாதி கோட்டை. இக்கட்டில் இருப்பவர்களுக்கு அடைக்கலம் தருகிறவள் என்றார். புர்கல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று நிமிர்ந்த தலை முப்பத்தெட்டு வயதுவரை குனியவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. எனக்குத் தெரிந்து லெய்ட்டனில் மட்டும் ஒரே சமயத்தில் எட்டு நோட்புர்கா இருந்தார்கள். மோசர் புர்கல், ஆலைப் புர்கல், குட்டைப் புர்கல் என்று வீட்டையோ உயரத்தையோ சேர்த்துச் சொன்னால்தான் ஆள் விளங்கும். தூர தேசத்திலும் பேர்போன நோட்புர்காக்கள் உண்டு என்பார் வாத்தியார். ஒரே பிரசவத்தில் ஒன்பது பிள்ளை பெற்றவள் ஒருத்தியாம். ராஜாவான தகப்பனே கையைப் பிய்த்தும் குகையை விட்டு வராதவள் இன்னொருத்தியாம். இருக்கட்டும், அவர்கள் எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு எங்கள் மலைநாட்டுப் புனிதை நோட்புர்கா போதும். அவள் வேலைக்காரி.

கோட்டையில் சமையல்காரியாக இருந்தாள். மிச்சத்தைப் பன்றிக்குப் போடு என்று எஜமானி சொன்னாள். இவள் வாசலில் நின்ற ஏழைகளுக்குப் போட்டாள். விரட்டிவிட்டார்கள். பிறகு மலைமேல் ஒரு விவசாயியிடம் வேலைக்குச் சேரும்போது, சாயங்கால மணி அடித்தால் நான் ஜெபம் செய்யப் போய்விடுவேன், அதற்குச் சம்மதமானால் வருகிறேன் என்று கேட்டுவிட்டே சேர்ந்தாள். ஒருநாள் அறுவடை. மணி அடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அறுத்துவிட்டுப் போ என்று மடக்கினான் அவன். அவள் அரிவாளை வீசினாள், அது அந்தரத்தில் அப்படியே நின்றது. நின்றதா என்று என்னைக் கேட்காதீர்கள். மேலே போனது கீழே வரும் என்பது மணிக்கயிறு இழுக்கிற எனக்குத் தெரியும். ஆனால் அவள் கையை உதறினாள் பாருங்கள், அதை நம்புகிறேன்.

அவளை நினைத்துத்தான் எங்கள் ஊரில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஓய்வு மணி. மணி விழுந்தால் கையில் இருப்பதும் விழும், வண்டியில் பாதிதான் ஏற்றியிருந்தாலும் சரி. மற்ற வீடுகளில் எஜமானிகள், இன்னும் பத்து நிமிஷம் கண்ணு என்று குழைவார்கள், ஆட்களும் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள். மோசர் வீட்டில் அது நடக்காது. வாசலுக்கு மேலே புனிதையின் படம், உள்ளே அதே பெயரில் வீட்டுக்காரி. செப்டம்பர் திருவிழாவில் ஊர் நோட்புர்காக்கள் எல்லாரும் சொரூபத்துக்குப் பின்னால் நடந்து வர, சொரூபத்தின் கையில் வெள்ளி அரிவாளைக் கொண்டுபோய் வைக்கிறவள் புர்கல். அந்த மரியாதை பன்னிரண்டு வருஷம் அவளிடம் இருந்தது. அதைச் சுமந்துகொண்டு நடக்கும்போது கழுத்தை நிமிர்த்தி வைத்திருப்பாள் பாருங்கள், பின்னால் வருகிறவர்களுக்குச் சொரூபம் தெரியாது.

1954, ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மோசர் வீட்டின் மேல்சரிவில் இரண்டாம் அறுப்புப் புல் முழுக்கக் காய்ந்து கிடந்தது. நாலு மணிக்கு நான் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது புர்கல் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“ஹெடி, இன்னிக்கு மணியை அரை மணி தள்ளி அடிடி.”

“பைத்தியமா உனக்கு?”

“மேக்கால பாரு, எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு. அரை மணி இருந்தா அத்தனையும் உள்ள போயிடும். மணி விழுந்துச்சுன்னா எல்லாம் போட்டுட்டுப் போயிடுவாங்க.”

“இருந்து ஏத்துங்கன்னு சொல்லு. மத்தவங்க சொல்றதில்லையா?”

“நான் எப்படிடி சொல்லுவேன்? இந்தப் பேரை வச்சுக்கிட்டு?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மணிக்குப் பிறகு வேலை வாங்கினால் ஊர் சிரிக்கும். மணியே பிறகு அடித்தால் யார் சிரிப்பார்கள்? எங்கள் கோபுரத்தில் கடிகாரம் கிடையாது. மேல்சரிவில் நிற்பவர்களுக்கு நேரம் என்பது என் அப்பா விட்டுப்போன சட்டைப்பைக் கடிகாரம்தான், அது என்னிடம் இருந்தது.

எல்லாவற்றுக்கும் சண்டைக்கு நிற்கிற நான் அன்று நிற்கவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். பள்ளித்தோழி. பன்றி அடிக்கிற மாதத்தில் புகையில் தொங்கவிட்ட கறியில் எனக்கும் ஒரு கண்டம் அனுப்புகிறவள். மேகமும் கறுப்பாகத்தான் இருந்தது. இதெல்லாம் சாக்கு. உள்ளதைச் சொன்னால், ஊரே அரை மணி நேரம் என் கைக்குள் நிற்கப்போகிறது என்பதில் எனக்கு ஒரு குஷி. இதை எழுதும்போது காது சூடாகிறது.

மேனாவின் விஷயம் எனக்குத் தெரியாது. மேனா மோசர் வீட்டு வேலைக்காரி, இருபத்திரண்டு வயது, அடுத்த பள்ளத்தாக்குக்காரி. அவளுடைய அம்மா சாகக் கிடக்கிறாள், பெண்ணின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று வியாழக்கிழமை தபால் அட்டை வந்திருந்தது. சனிக்கிழமை மணி அடித்ததும் கிளம்பிக்கொள், ஐந்து ஐம்பது ரயிலைப் பிடித்துவிடலாம் என்று புர்கல் வாக்குக் கொடுத்திருந்தாள். கீழே ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிஷ நடை. அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி. இது புர்கலுக்கு மறந்துவிட்டதா என்றால், இல்லை. என்னிடம் வரும் வழியில் நினைவு வந்தது என்று வெகுநாள் கழித்துச் சொன்னாள். நல்ல நடைக்காரி, ஓடிப் பிடித்துவிடுவாள் என்று நினைத்தாளாம்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தேகாலுக்கு, எதிர்த்திசையில் மேலே வருகிற ரயில் எப்போதும்போல் பாலத்தில் கூவியது. ஐந்தரைக்கு அடித்தேன். மழை வரவில்லை. மேகம் மலைக்கு அந்தப் பக்கமாகப் போய்க் கொட்டிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு பொட்டு விழவில்லை.

மேனா கட்டியிருந்த துணியோடு ஓடினாள். ஸ்டேஷன் வளைவில் அவள் பார்த்தது கடைசிப் பெட்டியை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போய் இறங்கியபோது, அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். புதன்கிழமை கறுப்புத் துணியில் திரும்பி வந்தாள், நேரே மாட்டுக்கொட்டிலுக்குப் போய்ப் பால் கறந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து புர்கல் கொடுக்க ஆரம்பித்தாள். தன்னுடைய கம்பளிச் சால்வையைக் கொடுத்தாள். செத்தவளுக்கு மாதப் பூசை வைத்தாள். சாப்பாட்டு மேசையில் மேனாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மேனா நன்றி சொன்னாள். அந்த நன்றியைக் கேட்டுக் கேட்டே புர்கல் இளைத்தாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவர் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார், ஆறின புண்ணைக் கிளறாதே என்றும் சொன்னாராம். என்னிடம் அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோயில் வாசலில் எதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து, வெயில் எப்படி என்று பேசிக்கொள்வோம். நவம்பரில் வழக்கம்போல் கறி அனுப்பினாள், வழக்கத்தைவிடப் பெரிய கண்டம். சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

அந்தச் செப்டம்பர் ஊர்வலத்தில் முட்டி வலி என்று சொல்லி வெள்ளி அரிவாளை ஆலைப் புர்கலிடம் தள்ளிவிட்டாள். அடுத்த வருஷமும் முட்டி வலி. அதற்கடுத்த வருஷமும். முட்டி வலிக்காரி புல்லுக்கட்டை மட்டும் எப்படித் தூக்குகிறாள் என்று ஆலைப் புர்கல் வாய் வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள், அரிவாளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாலு வருஷம் போயிற்று. மேனா, லோய்ஸ் என்ற தண்டவாளத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனாள். பெண் பிறந்தது. மூன்றாம் நாள் லோய்ஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு மோசர் வீட்டு வாசலில் வந்து நின்றான். எசமானியம்மாதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று மேனா கேட்கச் சொன்னதாகச் சொன்னான். எங்கள் ஊரில் ஞானத்தாயின் பெயர்தான் பெண்பிள்ளைக்கு. கேட்டு வந்தால் மறுக்கவும் கூடாது, மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

அன்று சாயங்காலமே புர்கல் கோயிலுக்கு வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க என் பெயரைச் சுமக்கணுமா என்றாள். நாளைக்குப் போய் மேனாவிடம் சொல்லிவிடப் போகிறேன், நீயும் வா என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன்.

“கோழியைப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும்” என்றாள்.

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும்போது கோழியும் பின்னல் ரொட்டியும் கொண்டுபோவது முறை. அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டாள், நான் கோழியை அணைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அந்தக் கோழி மட்டுமே பேசியது.

மேனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் தூங்கியது. உட்காருங்கள் என்றாள். புர்கல் உட்காரவில்லை.

“மேனா, அன்னிக்கு மணி அரை மணி லேட்டா அடிச்சுது. நான்தான் அடிக்க வச்சேன். உனக்கு ரயில் இருக்குன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

மேனா பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் ஆனது.

“தெரியும்” என்றாள். “பாலத்துல ரயில் எப்பவும் மணிக்கு அப்புறம்தான் கூவும். அன்னிக்கு மொதல்ல கூவிடுச்சு. புல்லு வாருற கோலைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். போட்டுட்டு ஓடியிருக்கலாம். மணி அடிக்கலையே, மணி அடிக்கலையேன்னு நின்னேன். எங்க அம்மாவுக்கு நான் செஞ்சது அது.”

புர்கல் ரொட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். தெரிந்தும் ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்றாள்.

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சால்வை குடுத்தீங்க. பூசை வச்சீங்க. இதைத்தான் குடுக்கல.” பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். “நீங்க சொல்ல வேணாம். ஊர்ல மணி அடிக்கிறது ஒருத்திதானே” என்றாள்.

கோழியைத் தரையில் விடலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

புர்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு நல்ல ஞானத்தாயாகப் பார், வேறு பெயர் வை, நான் தப்பாகவே நினைக்க மாட்டேன் என்றாள். மேனா அப்போதும் சத்தம் போடவில்லை. அவள் ஒருமுறை கத்தியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

“பேரை ஏன் மாத்தணும்? அது உங்க பேருன்னா நெனச்சீங்க? அவ வேலைக்காரி, எசமானியம்மா. கோட்டையில பாத்திரம் தேச்சவ. அது எங்க பேரு. எப்படியோ உங்க வீட்டுப் பக்கம் வந்துடுச்சு, நான் திருப்பி வாங்கிக்கிறேன். மணி அடிச்சாலும் அடிக்காட்டியும் கையில இருக்கறதைப் போட்டுட்டுக் கெளம்புற தைரியம் எனக்கு இல்ல. இவளுக்காவது வரட்டும். நீங்கதான் வந்து நிக்கணும். உங்க வாயாலதான் குடுக்கணும்.”

ஞாயிறு பூசை முடிந்து ஞானஸ்நானம். பாதி ஊர் கலையாமல் நின்றது. தாய் எழுந்து வரக்கூடாத நாள், ஆகவே மருத்துவச்சி பிள்ளையைக் கொண்டுவந்து புர்கல் கையில் கொடுத்தாள். நான் துவாலையோடு பக்கத்தில். எங்கள் கோயிலில் சாமியார் இரண்டு கேள்வி கேட்பார். பிள்ளைக்கு என்ன பெயர்? யார் பெயரால்? இரண்டாவது கேள்விக்கு ‘என் பெயரால்’ என்று ஞானத்தாய் சொல்வதைக் கேட்கத்தான் உறவுக்காரர்கள் எல்லாம் முண்டியடித்து முன்னால் வருவார்கள்.

“நோட்புர்கா” என்றாள் முதல் கேள்விக்கு. சாமியாருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னாள்.

“யார் பெயரால்?”

“என் பேரால இல்ல, சாமி.”

“என்ன?”

“என் பேரால இல்ல. அந்தப் பேருக்கு நான் லாயக்கில்ல. மணி அடிச்சதும் அரிவாளை வீசினாளே, அந்த வேலைக்காரி பேரால.”

இந்த முறை கோயிலின் கடைசி பெஞ்சுவரை கேட்டது. சொல்லிவிட்டாள், இனி எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது குட்டைப் புர்கல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என்ன ஒரு தாழ்மை பாத்தியா” என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். சாமியாரும் கண் கலங்கினார். அவருக்கு விஷயம் தெரியும், ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவரால் வெளியே சொல்ல முடியாது. புர்கல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த அரை மணியைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. நான் பிள்ளையின் தலையைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவளை இந்த ஊர் விடவில்லை. தாழ்மைக்காரி என்று வெள்ளி அரிவாளை மறுபடி அவளிடமே கொண்டுவந்து நீட்டியது. மாட்டேன் என்றாள், அதையும் புகழ்ந்தது. ஆலைப் புர்கல்கூடப் புகழ்ந்தாள். பாவம், ஒழுங்காக அவமானப்படக்கூட அவளால் முடியவில்லை. சனிக்கிழமைகளில் நாலே முக்காலுக்கே ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பிவிடுவாள், எந்த மேகம் வந்தாலும். ஒருதரம் ஆலங்கட்டி மழையில் புல் முழுக்கப் போயிற்று. அவள் புருஷன் கத்தினான், அவள் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷம் அப்படி. சீட்டில் நான் எழுதிய மூன்றாவது வரி அதுதான்.

போன பிப்ரவரியில் அவள் அடக்கத்துக்கு மேனாவின் மகள் வந்திருந்தாள். நகரத்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. விடுமுறை நாளிலும் நிற்கச் சொன்னார்கள் என்று சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தவள் என்று ஊரில் அவளைப்பற்றிப் பேசுவார்கள். சிலர் திமிர் என்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சீட்டை நின்று முழுக்கப் படித்தாள். பிறகு என்னிடம் வந்து அதை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“ஹெடி அத்தை, இதுல மணியைப் பத்தி எழுதியிருக்கீங்க. மணி அடிச்சவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லையே.”

அவளுடைய அம்மா மாதிரியேதான், சத்தம் போடவில்லை. நான் பதில் சொல்வேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

இதுதான் பதில். புர்கல் வந்து கேட்டாள், அது அவள் பாவம். அதை அவள் போய்ச் சொன்னாள், கோயிலிலும் சொல்லிப் பார்த்தாள். அன்று ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்காமல் நின்றவள் நான். பெயர் ஹெட்விக்.